ஒரு பல் தள்ளி

— கெட்டியா புடிச்சீங்களா, மொதலியாரே? இந்தப் பல்சக்கரம் கை நழுவிக் கீழ வுழுந்துச்சுன்னா அப்புறம் மாட்டுச் சாணியில கைய வுட்டுத்தான் தேடணும்.

— புடிச்சிருக்கேன் ஜமாலு. நீ பேச்சைக் கொறைச்சுக்கிட்டு வேலையப் பாரு. பட்டாளத்துக்குக் காரு எடுக்கற ஆபீசரு வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுவாராம்.

— வரட்டுமே! காரு இருக்கும், டயரு இருக்கும், பிளக்கு இருக்கும், கார்புரேட்டரு இருக்கும். எல்லாம் வெச்ச எடத்துல வெச்சபடி இருக்கும். ஓடத்தான் ஓடாது. கவலைய வுடுங்க.

— நெசமா ஓடாதா?

— பினாங்குல தொரைமாரு வண்டிக்கெல்லாம் டைமிங் வெச்சுக் குடுத்தவன் நானு. வெக்கத் தெரிஞ்சவனுக்குக் கலைக்கத் தெரியாதா? இங்க பாருங்க. இந்தச் சின்னச் சக்கரம் எஞ்சினு கிராங்கோட சுத்துது. ஒங்க கையில இருக்கிற பெருசு, கேம் ஷாப்ட்டோட சுத்துது. வால்வு எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு பெருசுதான் உத்தரவு போடும். ரெண்டும் சரியாக் கோத்திருந்தா வண்டி ஓடும். ஒரே ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டம்னு வெச்சுக்குங்க, மூச்ச இழுக்க வேண்டிய நேரத்துல வுடும், வுட வேண்டிய நேரத்துல இழுக்கும். தும்மிக்கிட்டு நின்னுடும்.

— விஷயம் அது இல்ல ஜமாலு. பிளக் ஒயரப் புடுங்கி எறிஞ்சா முடிஞ்சு போற காரியம். அதுக்குப் போய் ரேடியேட்டரக் கழட்டி, முன்மூடியக் கழட்டி, இவ்வளவு கூத்து எதுக்குங்கறேன்.

— பண்ருட்டியில நடந்தது ஒங்க காதுக்கு வரலியா? ஒரு மண்டிக்காரரு, காரப் பட்டாளத்துக்கு எடுக்க வராங்கன்னு தெரிஞ்சதும் நாலு சக்கரத்தையும் கழட்டிப் பலாப்பழக் குவியலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டாரு. பட்டாளத்து மெக்கானிக்கு வந்தான். பழத்த ஒண்ணொண்ணா உருட்டி வுட்டான், சக்கரத்த எடுத்து மாட்டுனான், ஓட்டிக்கிட்டே போயிட்டான். போறப்ப ரெண்டு பழத்தையும் தூக்கிப் பின் சீட்ல போட்டுக்கிட்டானாம்.

— அடப்பாவி.

— அண்ணாகிராமத்துல இன்னொருத்தரு கார்புரேட்டரத் தூக்கிக் கெணத்துல போட்டாரு. ஆள எறக்கி எடுத்தாங்க. காரும் போச்சு, அவரையும் கடலூர் டேசனுக்கு இட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. வெளியில இருக்கிறதுல எதத் தொட்டாலும் கண்டுபுடிச்சிடுவான் மொதலியாரே. இந்த மூடிக்குள்ள எவனும் எட்டிப் பாக்க மாட்டான். பழைய எஞ்சினு, செத்து மௌத்தாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவான்.

— பொண்ணு கல்யாணம் முடிஞ்ச கையோட மறுபடியும் பழையபடி வெச்சுக் குடுத்துடுவியே? மாப்பிள்ளை கையில ஓடுற வண்டியாத்தான் குடுக்கணும்.

— இந்தப் பக்கம் தள்ளுனவனுக்கு அந்தப் பக்கம் தள்ளத் தெரியாதா? குடுங்க சக்கரத்த. இப்புடி… ஒரு பல்லு… அவ்வளவுதான்.

— ஏய், ஏய். குறியப் பாத்தியா? பல்லுல குறி இருக்கும், அதப் பாத்துத்தான் மாட்டணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கான்.

— சரியா மாட்டுறவனுக்குத்தான் குறி வேணும். தப்பா மாட்டுறதுக்கு எதுக்கு மொதலியாரே குறி? கிரீஸு அப்பிக் கெடக்கு, அதத் தொடைக்கக்கூட வேணாம்.

— அதுவும் சரிதான்.

— நட்ட எடுங்க. அது இல்ல, பெருசு.

— ஏங்க, மோர் கொண்டாந்திருக்கேன். ஜமாலண்ணே, கையத் தொடைச்சுக்கிட்டுக் குடிங்க. இன்னுமா முடியல?

— முடிஞ்சிடுச்சு தங்கச்சி. மூடிய மாட்டுனா வேலை தீந்துது.

— ஓடாதில்ல?

— சத்தியமா ஓடாது.

— நல்லது. ஊரு ஒலகத்துல எல்லாரும் மெக்கானிக்க எதுக்குக் கூப்புடுவாங்க? நம்ம வீட்டுல ஓடுற காரக் கெடுக்கறதுக்கு ஆளு வெச்சுக் கூப்புடறோம்.

— சௌந்தரம், நீ உள்ள போ. ஆரம்பிக்காத.

— நான் என்னத்தக் கண்டேன், ஆரம்பிக்க? மாப்பிள்ளை கார் கேட்டாரு, நீங்க தரேன்னீங்க. பட்டாளத்துக்காரனும் கார் கேக்கறான், அவனுக்கு மாட்டேங்கறீங்க. ரெண்டு பேரும் ஒரே பொருளத்தான் கேக்கறாங்க. பட்டாளத்துக்காரனாவது பொண்ணு வேணாங்கறான்.

— பாத்தியா ஜமாலு, எப்புடிப் பேசறா பாரு! கடலூர் பழைய டவுன்ல, ஓ.டி.யில போய் மாப்பிள்ளை பேரு, பொன்னம்பலம்னு சொல்லிப் பாரு. மல்லாட்ட எண்ணெய், அதான் கடலெண்ணெய் யாவாரத்துல அவர மிஞ்ச ஆளு கெடையாது. சர்க்காருக்கே சப்ளை பண்றாரு. அவருகிட்ட பெட்ரோல் கூப்பன் இருக்கு, கார் இல்ல. யுத்தம் முடியற வரைக்கும் புதுக் கார் கப்பல்ல வராது. எங்கிட்ட கார் இருக்கு, கூப்பன் இல்ல. இதவிட வேற பொருத்தம் என்ன வேணும்?

— ஆமாமா. பத்துப் பொருத்தமும் பாத்த ஜோசியரு இந்தப் பொருத்தத்த மட்டும் வுட்டுட்டாரு.

— தங்கச்சி, மாப்பிள்ளைக்கு வயசு எப்புடி?

— ஒங்க வயசு இருக்கும்ணே.

— யா அல்லா.

— நாப்பதெல்லாம் ஒரு வயசா? மொத சம்சாரம் போன துக்கத்துல முடி கொஞ்சம் நரைச்சுப்போச்சு, அவ்வளவுதான்.

— மொத சம்சாரம் வந்தப்ப மாட்டு வண்டி வாங்குனாராம். ரெண்டாவதுக்கு மோட்டார் கேக்கறாரு. நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மூணாவதுக்கு ஆகாசக் கப்பல் கேப்பாரு.

— வாயக் கழுவு! வாயக் கழுவுடீ! நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா இது? ஜமாலு, நீயே சொல்லு. லலிதா பொறந்தது மூல நட்சத்திரம். வந்தவனெல்லாம் பஜ்ஜிய நல்லாத் தின்னுட்டு, மாமனாருக்கு ஆகாதுன்னு சொல்லி ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டான். சீர்காழியிலேருந்து ஒருத்தன், விருத்தாசலத்துலேருந்து ஒருத்தன்… ஒவ்வொருத்தனும் படி எறங்கிப் போறப்ப எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். பொன்னம்பலத்துக்கு அப்பா இல்ல. போய்ச் சேந்து நாளாச்சு.

— அதாவது, சாகறதுக்கு மாமனாரு இல்லாத வீடாப் பாத்துப் புடிச்சிருக்கீங்க.

— புடிச்சிருக்கேன். தப்பா? நான் இருக்கிறப்பவே அவள ஒரு எடத்துல ஒக்கார வெச்சுடணும்னு நெனைக்கறது தப்பா?

— தப்புன்னு யாரு சொன்னா? எனக்கு வயிறு எரியுதுங்க, அதனால பேசறேன். நிச்சயதார்த்தம் ஆன நாள்லேருந்து அந்தப் பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. சோறு போட்டாத் திங்கறா, வேலை சொன்னாச் செய்யறா. கூப்புட்டாத் திரும்பிப் பாக்கறா. பேச்சு மட்டும் இல்ல.

— வேணாம்னு சொன்னாளா?

— பேசவே இல்லங்கறேன்.

— அதான். வேணாம்னு சொல்லல இல்ல? அப்புறம் என்ன?

— மொதலியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. எம் மவ ஆரிபா நிக்காவுக்கு அவகிட்ட ஆளு அனுப்பிச் சம்மதம் கேட்டுட்டுத்தான் நிக்காவே ஓதுனாங்க. பொண்ணு சரின்னு சொன்னாத்தான் எங்கள்ல மேக்கொண்டு நடக்கும்.

— எங்கள்ல அந்த வழக்கம் இல்லப்பா. பொண்ணுகிட்ட கேட்டா கூச்சத்துல என்ன சொல்லும் பாவம்? நமக்குத் தெரியாதா நல்லது கெட்டது? நீ மூடிய மாட்டு.

— மாட்டிட்டேன். ஹேண்டிலு போட்டுச் சுத்திப் பாத்துடுவோம். மனசுக்கு ஒரு திருப்தி.

— ரேடியேட்டரு இல்லாமயா?

— ஓடுனாத்தானே சூடாவும்? ஓடாத எஞ்சினுக்கு எதுக்குத் தண்ணி? சாவியத் திருப்பிட்டு இப்புடி வந்து ஹேண்டில புடிங்க. நல்லா ஓங்கிச் சுத்துங்க. நாலு தரம் சுத்திக் காட்டுனாத்தான் ஆபீசரு நம்புவாரு. இப்பவே பழகிக்குங்க.

— சௌந்தரம், தள்ளி நில்லு. மாட்டப் புடிச்சுக்க. வெடிச்சா மெரளும்.

— புடிச்சிருக்கேன். போன தடவை வெடிச்சதுக்கே அது பால நிறுத்திப்புடிச்சு.

— இந்தா… ஹூம்! ஜமாலு, என்னாது இது?

— இருங்க மொதலியாரே.

— ஏங்க, ஒண்ணும் சத்தமே காணோமே, நின்னு போச்சா? நல்லதாப் போச்சு. நான் மாட்ட வுட்டுடறேன்.

— நின்னு போவலடி. ஓடுது!

— ஓடுதா? ஓடுனா பட்டாசு கணக்கா வெடிக்குமே?

— வெடிக்கல! கைய வெச்சுப் பாரு. துடிக்கறது தெரியுதா? ஜமாலு, அரைச் சுத்துதான் சுத்துனேன், கப்புனு புடிச்சுக்கிச்சு! இந்த வண்டி என் கைக்கு வந்ததுலேருந்து இப்புடி ஓடி நான் பாத்ததே இல்ல! மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நிக்குது பாரு!

— மொதலியாரே, சந்தோஷப்படாதீங்க.

— ஏன்?

— ஆபீசரு வர்ற நேரமாச்சு.

— அய்யோ! நிறுத்து! நிறுத்து! சாவி எங்க? ஆங்… அப்பாடா. ஜமாலு, நீ என்ன வேலை செஞ்சே? கெடுடான்னா இப்புடி ஓட வெச்சிருக்கியே! ஒன்ன நம்பித்தானேய்யா எஞ்சினக் கையில குடுத்தேன்?

— நான் கெடுக்கத்தான் செஞ்சேன்! அல்லா மேல ஆணையா ஒரு பல்லு தள்ளித்தான் மாட்டுனேன், நீங்களுந்தானே பாத்தீங்க? இது எப்புடி ஓடும்? பினாங்குல இப்புடி ஒரு கூத்து நடந்ததே இல்ல. மூடியக் கழட்டுங்க, திரும்பப் பாப்போம். துணி குடுங்க தங்கச்சி. மண்ணெண்ணெய் இருக்கா?

— மண்ணெண்ணெய்க்கு நான் எங்க போவேன்? ரேஷன்ல வாங்குனது ராத்திரி வெளக்குக்கே பத்தல. இந்தப் பழைய வேட்டியால தொடைங்க.

— யா ரப்பே!

— என்ன? என்னய்யா?

— சின்னச் சக்கரத்துல பாருங்க, கம்பெனிக்காரன் குத்துன புள்ளி. தெரியுதா? பெருசுல பாருங்க, இங்க ஒரு புள்ளி. புள்ளிக்கு நேரு புள்ளி! மயிரிழை பிசகல. இப்பத்தான் டைமிங்கு சரியா நிக்குது.

— அப்ப, முன்னாடி?

— முன்னாடிதான் ஒரு பல்லு தப்பா இருந்திருக்கு, அதான் வெடிச்சு வெடிச்சு ஓடியிருக்கு. தப்பா இருந்தத நான் இன்னும் ஒரு பல்லு தள்ளுறேன்னு சொல்லிச் சரியாக்கித் தொலைச்சுட்டேன். மொதலியாரே, இதுக்கு முன்னாடி இத மாட்டுன மகராசன் யாரு?

— நான்தான்.

— நீங்களா?

— ஆயுத பூஜைக்கு எஞ்சின மொத்தமாப் பிரிச்சுச் சுத்தம் பண்ணி நானே மாட்டுனேன். என் வண்டிக்கு நானேதான் டாக்டர். புஸ்தகத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, வரிக்கு வரி படிச்சு, குறிக்குக் குறி சேத்துத்தான் மாட்டுனேன். தப்பாப் போறதுக்கு வழியே இல்ல. குறி அவ்வளவு தெளிவா இருந்துச்சு. பளிச்சுன்னு, செவப்பா.

— செவப்பா?

— ஆமா. ரெண்டுலயும் ஒவ்வொண்ணு. உருண்டையா. வெள்ளைக்காரன் எவ்வளவு அழகாப் பெயிண்ட் வெச்சிருக்கான் பாருன்னு நான் ஆச்சரியப்பட்டேன்.

— மொதலியாரே, எந்தக் கம்பெனிக்காரனும் பல்சக்கரத்துல செவப்புப் பெயிண்ட் வெக்க மாட்டான்.

— அது நான் வெச்ச பொட்டுங்க.

— என்னாடி சொல்ற?

— ஆயுத பூஜையன்னைக்கு நீங்கதானே வாழையெலை போட்டு எல்லாத்தையும் பிரிச்சுப் பரப்பி வெச்சிருந்தீங்க? அரிவாமணைக்கு வெச்சேன், ஒலக்கைக்கு வெச்சேன், இதுக்கும் சந்தனங் கொழைச்சு குங்குமம் வெச்சேன். சின்னச் சக்கரத்துல புள்ளி மேலயே வெச்சுட்டேன். பெருசுல அந்தக் குழி கொஞ்சம் ஆழமா இருந்துச்சு, குங்குமம் உள்ள போச்சுன்னா தொடைக்க வராதேன்னு அதுக்குப் பக்கத்துப் பல்லுல வெச்சேன்.

— பக்கத்துப் பல்லுல!

— நல்லதுக்குத்தானே செஞ்சேன்? எண்ணெயில சந்தனம் கரைஞ்சு குங்குமம் மட்டும் நின்னிருக்கும். நீங்க அதப் பாத்து வெள்ளைக்காரன் குறிம்பீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?

— அடியே சௌந்தரம்… அன்னையிலேருந்து நான் பெட்ரோல் பங்குக்காரன்கிட்ட சண்டை போட்டேன்டி. மண்ணெண்ணெய் கலக்கறான்னு நடுத்தெருவுல நின்னு கத்துனேன். கொள்ளிடம் பாலத்துல ஏற மாட்டேங்குதுன்னு ஊரு பூரா கம்பெனிக்காரன ஏசுனேன். மூணு கார்புரேட்டரு மாத்துனேன்!

— நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

— எஞ்சின் ரிப்பேர ஒங்கிட்ட வந்து கேப்பாங்களா?

— கேக்க மாட்டீங்க. இந்த வீட்டுல பொம்பளைங்ககிட்ட என்னத்தக் கேட்டிருக்கீங்க, இதக் கேக்க?

— தங்கச்சி, இப்ப சண்டை வேணாம். மொதலியாரே, ஒரு ஹக்கான, நெசமான விஷயம் சொல்றேன். சக்கரத்தக் கழட்டி ரெண்டு பல்லு தள்ளி மாட்டிடறேன். இப்ப குறி தெரியுது, தப்பே வராது.

— தப்பு வரணும்யா!

— ஆமா, தப்பு சரியா வரும். வுடுங்க. நட்டக் கழட்டுங்க.

— ஏங்க! சைக்கிள் மணி கேக்குது.

— யாரு? பாத்து சொல்லு.

— தலையில குல்லா. கையில பை. சைக்கிள வேப்பமரத்துல சாத்தறாரு.

— பட்டாளத்து மெக்கானிக்கு கூட வந்திருக்கானா?

— யாரும் இல்ல. ஒத்த ஆளு. நம்ம ரெவின்யூ இன்ஸ்பெக்டரு கலியமூர்த்திதான்.

— மூடு ஜமாலு! மூடிய மாட்டு! கழட்டிப் போட்டதப் பாத்தாக் கைய வெச்சிருக்கோம்னு தெரிஞ்சு போயிடும். நட்டு… நட்ட இறுக்கு. எல்லாத்தையும் மூடிட்டு நீ வைக்கப் போருக்குப் பின்னாடி போயிடு. மெக்கானிக் வீட்டுல நிக்கறான்னா சந்தேகம் வரும்.

— ஆனா மொதலியாரே, இது இப்ப சும்மா தொட்டாலே ஓடும்.

— அய்யோ, என்ன பண்ணுவேன்? நிச்சயம் பண்ணி ஊரெல்லாம் வெத்தல பாக்கு வெச்சாச்சு. கார் போச்சுன்னா பொன்னம்பலம் வேற எடம் பாத்துக்குவாரு. என் பொண்ணு இந்த வீட்டுலயே கெடந்து…

— அழுவாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. சாவியத் திருப்பாதீங்க. கரண்டு இல்லாம நீங்க சாயங்காலம் வரைக்கும் சுத்துனாலும் அது அசையாது. இவரு சைக்கிள்ல வந்த ஆளுதானே, இவருக்கு எஞ்சினு எது டிக்கி எதுன்னே தெரியாது.

— அப்புடின்னா காலையிலேருந்து நாம பட்ட பாடு எதுக்குய்யா?

— பட்டாளத்து மெக்கானிக்கு வருவான்னுதானே பட்டோம்? நான் போறேன். வைக்கப் போருல தேளு இருக்குமா?

— போய்யா! சௌந்தரம், லலிதாகிட்ட சொல்லி மோரு கொண்டாரச் சொல்லு… வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மாட்டுக் கொட்டாய்க்கே வந்துட்டீங்களே, சொல்லி அனுப்பியிருந்தா நானே முன்னாடி வந்திருப்பேன்.

— அது கெடக்கட்டும் மொதலியார். எனக்கு முதுகு போச்சு. இந்தச் சைக்கிள மிதிச்சு மிதிச்சு எனக்கு மூலமே வந்துடும் போலருக்கு. காலையிலேருந்து வீடு வீடா கார் பாக்கறேன். பட்டாளத்துக்காரன் எடுத்துக்கறதுக்கு நான் எதுக்கு அலையணும், சொல்லுங்க? இதானா ஒங்க வண்டி?

— இதான் சார்.

— மூஞ்சிய என்ன பண்ணிட்டீங்க? முன்னாடி ஒண்ணையும் காணோம்?

— ரேடியேட்டரு ஒழுகுது சார். கழட்டி வெச்சிருக்கேன். எஞ்சினும் செத்துப்போச்சு. ஓடி வருஷக் கணக்காச்சு.

— ஓடாதா?

— ஓடாது சார்.

— நல்லதாப் போச்சு போங்க. ஓடுச்சுன்னா கடலூரு வரைக்கும் நான்தான் கூடவே போய் ஒப்படைக்கணும். ஆனா பாருங்க, மேல கேப்பான். கண்ணால பாத்தியான்னு கேப்பான். ஒரு தடவை சுத்திக் காட்டிடுங்க, என் மனசாட்சிக்கு.

— தாராளமா சார். இந்தா பாருங்க… ஹூம்… ஹூம்… ஹூம்!

— ஒண்ணும் இல்லையே.

— நான்தான் சொன்னேனே சார்… ஹூம்! பொணம் சார் இது.

— போதும் போதும், வேர்க்குது ஒங்களுக்கு. இப்புடிக் குடுங்க, நானும் ஒரு சுத்து சுத்திப் பாக்கறேன். ஹ்ம்… அப்பப்பா! என் முதுகு! வுடுங்க, வுடுங்க. ஓடாத வண்டின்னு நானே கையால சுத்திப் பாத்துட்டேன், அப்புறம் யாரு என்னைக் கேக்கறது? ஓடாதுன்னு போட்டுடறேன். இனிமே ஒங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.

— நீங்க நல்லா இருக்கணும் சார். ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும். லலிதா! மோரு எங்கம்மா? வா, சாருக்குக் குடு.

— ஒங்க பொண்ணா? கல்யாணம்னு கடைத்தெருவுல பேசிக்கிட்டாங்களே.

— ஆமா சார், தை பொறந்ததும். கடலூரு ஓ.டி.யில மாப்பிள்ளை. எண்ணெய் யாவாரம்.

— பொன்னம்பலமா? அந்தப் பொன்னம்பலமா? ம்… நல்ல வசதி. கொஞ்சம் வயசு… சரி, அது கெடக்கட்டும். இந்த வண்டியும் அவருக்குத்தான் போகுதாமே? ஓடாத வண்டிய வெச்சு அவரு என்ன பண்ணுவாரு?

— அவரு பாத்துக்குவாரு சார். ஆசைப்பட்டாரு, குடுக்கறோம். ஒரு அழகுக்கு நிக்கட்டுமே.

— என்னம்மா, ஒனக்கும் சந்தோஷம்தானே? மோரு நல்லா இருக்கு.

— அவ பேச மாட்டா சார். கூச்ச சுபாவம். நீங்க எழுதிக்குங்க.

— எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். ஓடாது… அவ்வளவுதான். ஏம்மா, ஏதோ சொல்ல வந்தியே? பயப்படாம சொல்லும்மா.

— அப்பா சாவியத் திருப்ப மறந்துட்டாங்க சார். நான் இப்பத் திருப்பிட்டேன், இன்னொரு தரம் சுத்திப் பாருங்க.